ரெஜினா வாங்கிய ஜப்பான் வண்டி

1

எண்ணூர் லாரித் தொழிற்சாலையில் என்னோடு ஒரே பெஞ்சில் வேலை பார்த்த தணிகாசலம் போன மாதம் ஒரு கடிதம் எழுதியிருந்தான். அங்கே கேன்டீனில் பெரிய தகராறாம். அமெரிக்க வண்டிக்கு ஈடு இல்லை என்று ஒரு கட்சி. ஜப்பான்காரன் அமெரிக்காவுக்குள்ளேயே புகுந்து அடிக்கிறான் என்று இன்னொரு கட்சி.

"நீ அங்கயே கீற. வெலை இன்னா, எது ஜாஸ்தி ஓடுது, ஒருதபா வாங்கினவன் மறுபடி அத்தையே வாங்குறானா, எல்லாத்தையும் கரீட்டா எழுதிப் போடு மாமு. நோட்டீஸ் போர்டுல ஒட்டிடறோம்" என்று முடித்திருந்தான்.

பதில் எழுத உட்கார்ந்தேன். விலையை எழுத முடிந்தது. ஒரு காலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல் என்று எழுத முடிந்தது. மூன்றாவது கேள்விக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஒரே கம்பெனி வண்டியை விடாமல் வாங்குகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் வால்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வால்டரைப் பற்றிச் சொல்வதென்றால் என் அப்பாவில் தொடங்க வேண்டும். நோட்டீஸ் போர்டில் இது அடங்காது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

2

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் சூசை. ராயபுரத்தில் ஒரு லாரி ஷெட்டில் டிரைவர். அவர் ஓட்டியது யுத்தம் முடிந்ததும் அமெரிக்கப் பட்டாளம் ஏலத்தில் விட்டுப்போன லாரி. பச்சைப் பெயின்ட் உரிந்து உரிந்து, அதன் மேல் ஷெட்டுக்காரர் நீலம் அடித்து, நீலமும் உரிந்து உள்ளே பச்சை தெரியும். ஸ்டியரிங் இடது பக்கம். ஊரெல்லாம் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டும்போது நைனா மட்டும் இடது பக்கம். முன்னால் போகும் வண்டியைத் தாண்ட வேண்டுமென்றால் கிளீனர் மாணிக்கம் வலது ஜன்னலில் இடுப்புவரை வெளியே தொங்கி, "வா வா வா, போவலாம்" என்று கத்த வேண்டும்.

முதலில் மூட்டை, பிறகு இரும்பு மண். ரயிலில் வந்து குவியும் மண்ணை அள்ளித் துறைமுகத்துக்குள் கொட்ட வேண்டும். அங்கிருந்து ஜப்பான் கப்பலுக்குப் போகும். நைனா வீட்டுக்கு வரும்போது புருவம், காது மடல், மூக்கு எல்லாம் சிவப்பாக இருக்கும். அம்மா எத்தனை முறை அலசினாலும் சட்டை வெளுக்காது. "இந்த மண்ணை வாங்கிக்கினு போயி இன்னாதான் பண்றான் ஜப்பான்காரன்?" என்று அம்மா கேட்பாள். "பொம்மை செய்வான்" என்பார் நைனா. அவருக்கு ஜப்பான் என்றால் சாவி கொடுத்தால் இரண்டு நாள் ஓடி மூன்றாம் நாள் நின்றுபோகும் தகரப் பொம்மை. அவ்வளவுதான்.

பாலிடெக்னிக் முடித்து எனக்கு எண்ணூரில் வேலை கிடைத்தது. அதே ஆண்டு ஷெட்டுக்காரர், நாங்கள் செய்த புது லாரி இரண்டு வாங்கினார். ஒன்றை நைனாவுக்குக் கொடுத்தார். நைனா மாட்டேன் என்றுவிட்டார்.

"ஏன் நைனா? நாங்க செய்ற வண்டி."

"உன் வண்டி நல்ல வண்டிதான். யார் இல்லேன்னாங்க? இது இன்னா பாவம் பண்ணிச்சு? பதினெட்டு வருசம் சோறு போட்டுக்கினு கீது. புச்சு வந்துச்சுன்னு விட்டுட்டுப் போவ சொல்றியா?"

"பார்ட்ஸ் கிடைக்காது நைனா."

"புதுப்பேட்டைல பழைய பார்ட்ஸ் கடை கீது. அமெரிக்காகாரன் கையி பட்ட இரும்புடா இது. தேஞ்சு போனாலும் ஒடையாது."

மகன் செய்த வண்டியை அப்பா ஓட்ட மாட்டேன் என்றார் என்று தொழிற்சாலையில் என்னைக் கேலி செய்தார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரும்பு எங்கே செய்யப்படுகிறது, எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்க்கும் ஆசையும் அன்றுதான் எனக்குள் வந்தது. கருவி செய்யும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அமெரிக்காவில் குடியேற இப்போது நம்மவர்களுக்கும் வழி விட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனு போட்டேன். நைனா விமான நிலையம் வரை வந்து வழியனுப்பினார். "அந்தக் கம்பெனிக்காரனைப் பார்த்தா, மெட்ராஸ்ல உன் வண்டி இன்னும் ஓடுதுன்னு சொல்லு" என்றார்.

3

டெட்ராய்ட் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கருவிப் பட்டறையில் சேர்ந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். நைனாவின் லாரியைச் செய்த கம்பெனிதான் அது. நான் தேடிப் போகவில்லை, அப்படி அமைந்தது.

வால்டர் எங்கள் பக்கத்து வீடு. அதே தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ். நான் வந்து இரண்டாவது வாரம், வாங்கியிருந்த பழைய காரின் டயர் பஞ்சராகித் தெருவில் நின்றேன். ஓடி வந்து, "என்ன வேணும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நானும் ஆங்கிலத்திலேயே, "ஸ்டெப்னி டிக்கியில் இருக்கிறது" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் மறுபடி சத்தமாகச் சொன்னேன். நம் ஊரில் லாரி டிரைவர் முதல் கலெக்டர் வரை சொல்லும் அந்த இரண்டு சொல்லும் அமெரிக்காவில் யாருக்கும் தெரியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. டிக்கியைத் திறந்து காட்டியதும் அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு பல வருடம் என்னைப் பார்த்தால், "ராய், ஸ்டெப்னி எப்படி இருக்கு?" என்பார். ஆரோக்கியராஜ் என்ற என் பெயரில் அவர் வாயில் நுழைந்தது 'ராய்' மட்டும்தான்.

இந்த ஊரில் கார் என்பது நாம் வேட்டி எடுப்பதுபோல் கடை கடையாகப் பார்த்து வாங்கும் பொருள் இல்லை. ராயபுரத்தில் எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றோமோ அந்தக் கோவில்தான் கல்யாணத்துக்கும், அடக்கத்துக்கும். இங்கே கம்பெனி அப்படி. தாத்தா எந்தக் கம்பெனியோ பேரனுக்கும் அதே கம்பெனிக் கார். ஊழியர்களுக்கு விலையில் தள்ளுபடி உண்டு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பழையதைக் கொடுத்துப் புதிது எடுப்பார்கள். வால்டரின் மைத்துனர் எதிர்க் கம்பெனிக் கார் வாங்கியபோது, பண்டிகை விருந்துக்கு வந்தவரை, காரை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வரச் சொன்னார்கள். நான் விளையாட்டு என்று நினைத்தேன். பாதி விளையாட்டுதான்.

வால்டரின் அப்பா எமில். அவரும் அதே தொழிற்சாலை, ஓய்வு பெற்றவர். மகன் வீட்டிலேயே இருந்தார். பேசுவது குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனாவின் லாரியைப் பற்றி நான் சொன்னபோதுதான் முதல்முறையாக என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். யுத்தத்தின்போது அந்தத் தொழிற்சாலையில் கார் செய்வதை நிறுத்திவிட்டுப் பட்டாள லாரிதான் செய்தார்களாம். அவர் பின் ஆக்சில் மாட்டுகிற இடத்தில் நின்றவர்.

"ஆயிரக்கணக்குல ரயில்ல ஏத்தி அனுப்பினோம்" என்றார். "எங்க போச்சு, என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் வந்து சொன்னதில்ல. நீதான் முதல் ஆள்."

"இன்னும் ஓடுது" என்றேன். நைனா சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

4

நான் வந்து மூன்றாம் வருடம் நைனா இறந்துபோனார். தந்தி வந்த அன்று என் பாஸ்போர்ட்டும் மற்றக் காகிதங்களும் குடியேற்ற அலுவலகத்தில் இருந்தன. நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பம் பாதியில் நின்றது. கவுண்டரில் இருந்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள் என்றாள். அனுமதிக்குத் தனிப் படிவம். அதோடு இறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் சென்னையிலிருந்து வர வேண்டும். "அடக்கம் எப்போது?" என்று கேட்டாள். "நாளைக்கு" என்றேன். அவள் படிவத்தைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ரெஜினாவிடம் சொன்னேன். என் மனைவி ரெஜினா திருவொற்றியூர்க்காரி, நர்ஸ். எனக்குப் பிறகு ஒரு வருடம் கழித்து வந்து இங்கே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்திருந்தாள். "போய்க்கினு வாங்க, இன்னா ஆனாலும் பார்த்துக்கலாம்" என்றாள். அப்போது அவள் வயிற்றில் ஆறு மாதம். நான் போகவில்லை. போகாததற்கு அலுவலகத்தைக் காரணம் சொல்லலாம், இவ்வளவு நாளும் அப்படித்தான் சொல்லி வந்தேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயமாக இருந்தது. போனால் திரும்ப விடமாட்டார்களோ என்ற பயம்.

அன்று மாலை வால்டர் அவர் அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். இரண்டு பேரும் கோட்டுப் போட்டிருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்தார்கள். போகும்போது எமில் என் தோளில் கை வைத்து, "நல்ல டிரைவர்" என்றார். பார்த்ததே இல்லை, இருந்தும் அதைச் சொன்னார்.

என் தம்பி சேவியர் பிறகு எழுதினான். நைனாவின் பெட்டியை ஷெட்டு லாரியிலேயே வைத்து காசிமேடு கல்லறைக்குக் கொண்டுபோனார்களாம். ஓட்டியது மாணிக்கம். கடிதத்தின் கடைசியில், துறைமுகத்தில் தனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்றும் எழுதியிருந்தான். ஜப்பானுக்கு மண் போவது அதிகமாகிவிட்டதாம். "ஜப்பான்காரன் புண்ணியத்துல நம்ம வூட்ல அடுப்பு எரியுது" என்று எழுதியிருந்தான்.

5

இனி தணிகாசலம் கேட்ட விலைக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்த குளிர்காலம் அது. பங்க்கில் வரிசை தெருமுனை தாண்டி நிற்கும். இங்கே கார் ஒவ்வொன்றும் நம் ஊர்த் தேர் அளவு. ஒரு காலன் ஊற்றினால் பத்துப் பன்னிரண்டு மைல் போனால் பெரிது. ஜப்பான்காரன் கொண்டுவந்து இறக்கிய சின்னக் கார் அதே காலனில் இரண்டு பங்குக்கு மேல் போனது.

விலையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்க வண்டிக்கு விளம்பரத்தில் ஒரு விலை போட்டிருப்பார்கள். கடைக்குப் போனால் ரேடியோ தனி, நல்ல டயர் தனி, கண்ணாடிக்குச் சூடு காட்டுவது தனி என்று ஏறிக்கொண்டே போகும். ஜப்பான் வண்டியில் இவற்றில் பாதி ஏற்கெனவே உள்ளே இருக்கும். இரண்டையும் நிறுத்திக் கணக்குப் பார்த்தால், எனக்கு ஊழியர் தள்ளுபடி போகவும் ஜப்பான் வண்டி குறைவுதான். எவ்வளவு குறைவு என்றால், எண்ணூரில் நான் ஒரு வருடம் வாங்கிய சம்பளத்தைவிட அந்த வித்தியாசம் அதிகம்.

குறையும் சொல்ல வேண்டும். அதன் தகரம் மெல்லியது. இங்கே பனி உருகச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள், காசிமேட்டில் படகு ஆணி துருப்பிடிப்பதுபோல் மூன்று வருடத்தில் கதவின் அடிப்பாகம் துருப்பிடித்துவிடும். குளிருக்குச் சூடு போதாது. பார்ட்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். மேற்குக் கடற்கரையில் எங்கே பார்த்தாலும் அந்தக் கார்தான் என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் அப்போது அதை வாங்கியவர்கள் ஆசிரியர்கள், நர்ஸுகள், காலேஜ் பிள்ளைகள். தொழிற்சாலைக்காரர்கள் யாரும் இல்லை.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கார், எங்கள் கம்பெனிக் கார், பெரியது, பழையது. ரெஜினா ஆஸ்பத்திரிக்கு அதில்தான் போவாள். என்னை வால்டர் தொழிற்சாலைக்கு அழைத்துப் போவார். பனி கொட்டிய ஒரு பிற்பகல், குழந்தை ஸ்டெல்லாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு வரும்போது வண்டி வழியிலேயே நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம் யாரும் வரவில்லை. குழந்தையைத் தன் கோட்டுக்குள் வைத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ரெஜினாவின் விரல்கள் வெளுத்திருந்தன.

நாலாம் நாள், "நான் வண்டி பார்த்துட்டு வந்துட்டேன்" என்றாள்.

"எந்த வண்டி?"

"ஜப்பான் வண்டி. எங்க வார்டுல மேரி வெச்சினு கீறா. ரெண்டாவதும் அதே கம்பெனிதான் வாங்கப் போறா. ஒருநாள் கூட நின்னது இல்லியாம்."

"ரெஜினா, நான் எங்க வேலை செய்றேன்னு தெரியும்ல?"

"தெரியும். என் புள்ள எங்க குந்திக்கினு இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வால்டர் இன்னா நினைப்பாரு?"

"வால்டரா வந்து அந்தப் பனியில நின்னாரு? என் சம்பளத்துல வாங்குறேன். உங்க கையெழுத்துகூட வாணாம்."

அவள் வாங்கிவிட்டாள். மஞ்சள் நிறம். நான் செய்த வண்டியை நைனா வேண்டாம் என்றார், இப்போது மனைவியும் வேண்டாம் என்கிறாள் என்று எனக்குள் ஒரு கசப்பு இருந்தது. ஆனால் அந்த வண்டி எந்தக் குளிரிலும் ஒரே திருகலில் ஸ்டார்ட் ஆயிற்று.

6

வால்டர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அந்த மஞ்சள் காரைப் பார்த்தார். பிறகு, "குழந்தைக்காகவா?" என்றார். "ஆமாம்" என்றேன். தலையை ஆட்டினார். அடுத்த வாரத்திலிருந்து, ஷிப்டு நேரம் மாறிவிட்டது, இனி சேர்ந்து போக முடியாது என்றார். ஷிப்டு மாறவில்லை என்பது எனக்குத் தெரியும். ஸ்டெப்னியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பெரிய கார்களை வாங்க ஆள் இல்லாமல் தொழிற்சாலை மைதானத்தில் வரிசை வரிசையாக நின்றன. அவற்றின் மேல் பனி விழுந்து மூடியது. கேட்டில், வெளிநாட்டு வண்டிகள் கடைசி வரிசையில் மட்டும் நிற்கலாம் என்று ஒரு பலகை வந்தது. ஒரு ஷிப்டை மூடப் போகிறார்கள் என்று பேச்சு.

ஸ்டெல்லா அப்போதுதான் பள்ளி போகத் தொடங்கியிருந்தாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஒருநாள் என்னிடம், தன்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட வேண்டாம், முந்தின தெருவிலேயே இறக்கிவிட அம்மாவிடம் சொல்லுங்கள் என்றாள். ஏன் என்றேன். "கிளாஸ்ல இருக்கிறவங்க அப்பாவோட வேலையை நம்ம கார் சாப்பிட்டுடுச்சாம்" என்றாள். பிறகு, "நாம அமெரிக்கன்தானே டாடி? அப்ப ஏன் அமெரிக்கன் கார் வாங்கல?" என்று கேட்டாள். அவளுக்கு ராயபுரமும் தெரியாது, சிவப்பு மண்ணும் தெரியாது. ஜப்பான் கப்பலுக்கு மண் ஏற்றுவதால்தான் அவள் சித்தப்பா வீட்டில் உலை கொதிக்கிறது என்பதை எந்த மொழியில் அவளுக்குச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை என் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. ரெஜினாவுக்கு அன்று விடுமுறை. அவள் காரை எடுத்துப் போய்ப் பலகை சொன்னபடி கடைசி வரிசையில் நிறுத்தினேன். அன்றைக்குத்தான் வேலை இழப்பவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். சர்வீஸ் குறைந்தவரைத்தான் முதலில் நிறுத்துவார்கள், ஆனால் கருவிப் பட்டறைக்கு அந்தக் கணக்கு தனி. வந்து ஏழெட்டு வருடமே ஆன என் பெயர் அதில் இல்லை. அசெம்பிளி லைனில் இருபது வருடக்காரர்களையும் விடவில்லை, வால்டரின் பெயர் இருந்தது.

சாயங்காலம் வெளியே வந்தபோது காரின் முன்விளக்கு இரண்டும் உடைந்திருந்தன. பானெட்டில் ஆணியால் 'ஊருக்குப் போ' என்று கீறியிருந்தார்கள். அதை வண்டிக்குச் சொன்னார்களா எனக்குச் சொன்னார்களா என்று புரியாமல் நின்றேன். ஐந்தாறு வரிசை தள்ளி வால்டரும் இன்னும் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். வால்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரெஜினா உடைந்த விளக்கைத் தடவிப் பார்த்தாள். "யாரு?" என்று மட்டும் கேட்டாள். "தெரியாது" என்றேன்.

7

மூன்று மாதத்தில் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று சொன்னார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. வால்டர் வீட்டு முன்புறப் புல்தரையில் விற்பனைப் பலகை நட்டார்கள். வாங்கவும் ஆளில்லை. கடைசியில் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு டெக்ஸாஸ் பக்கம் வேலை தேடிப் போவதென்று முடிவு செய்தார்கள். அத்தனை தூரம் எமிலால் வர முடியாது. அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள்.

புறப்படுகிற அன்று காலை, சாமான் ஏற்றிய டிரெய்லரைத் தன் பெரிய காரின் பின்னால் பூட்டிவிட்டு வால்டர் எங்கள் வாசலுக்கு வந்தார். என்னிடம் அல்ல, ரெஜினாவிடம் பேசினார்.

"விளக்கை உடைச்சது யாருன்னு எனக்குத் தெரியும். நான் உடைக்கல. ஆனா தடுக்கவும் இல்ல."

ரெஜினா ஒரு படி இறங்கினாள். பிறகு அவளுடைய ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில், "விளக்கு மாத்தியாச்சு வால்டர். பத்திரமா ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். தந்தி வந்த அன்று கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த மனிதர் அவர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையாவது நீட்டியிருக்கலாம். அவர் படி இறங்கிப் போன பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

8

ஞாயிறு பூசை முடிந்ததும் எமிலைப் போய்ப் பார்ப்பது வழக்கமாயிற்று. யாரும் சொல்லி நான் போகவில்லை. வால்டரிடம் சொல்லாமல் விட்டதற்கு வேறு பரிகாரம் எனக்குத் தெரியவில்லை. ரெஜினாவின் காரில்தான் போவேன். என் பழைய கார் அதற்குள் பழைய இரும்புக்குப் போய்விட்டது. எமிலின் அறை ஜன்னலிலிருந்து வாசல் தெரியும். அதனால் காரைப் பக்கத்துத் தெருவில் விட்டுவிட்டு நடந்து போவேன்.

அவருக்கு நினைவு விட்டுவிட்டு வரும். சில நாள் என்னை வால்டர் என்பார். சில நாள், "உன் அப்பா லாரி ஓடுதா?" என்பார். ஷெட்டில் அதை உடைத்து எடைக்குப் போட்டுவிட்டதாகச் சேவியர் எழுதியிருந்தான். நான் "ஓடுது" என்பேன்.

எமில் நன்றாக இருக்கிறார் என்று வால்டருக்கு ஒரு கடிதம் போட்டேன். அவருடைய முகவரியை வீட்டை வாங்கியவர்கள் கொடுத்தார்கள். பதில் வர நாலு மாதம் ஆயிற்று. போன சனிக்கிழமை வந்தது. ஒரே பக்கம்.

ஹூஸ்டன் துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். கப்பலில் ஜப்பான் கார்கள் வருகின்றன. ஒவ்வொன்றாகக் கப்பலின் வயிற்றிலிருந்து ஓட்டிக் கொண்டுவந்து மைதானத்தில் நிறுத்த வேண்டும். பிறகு வேனில் ஏறித் திரும்பக் கப்பலுக்குப் போக வேண்டும். நாள் முழுக்க அதுதான். 'ஒருத்தரும் இன்னும் உட்காராத சீட்டில் நான் உட்கார்ந்து சாவி போடுகிறேன். எல்லாம் முதல் திருகலிலேயே கிளம்பிவிடுகின்றன, ராய். ஒன்றாவது கிளம்பாமல் இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்' என்று எழுதியிருந்தார். கீழே இரண்டு வரி. 'ரெஜினாவுக்கு என் வணக்கம். அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.'

மறுநாள் ஞாயிறு. எமில் அன்று தெளிவாக இருந்தார். சவரம் செய்திருந்தார். வால்டர் கடிதம் போட்டிருக்கிறார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேலை கிடைச்சுதா?"

"கிடைச்சுது. துறைமுகத்துல. கார் ஓட்டுறார்."

"யார் கார்?"

நான் தண்ணீர் ஜாடியை எடுத்து டம்ளரில் ஊற்றினேன். அவர் விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம கார்தான்" என்றேன்.

"கப்பல்ல ஏத்துறானா?"

"ஆமாம். ஏத்துறார்."

"நிறைய போகுதா?"

"நாள் முழுக்க ஏத்தியும் முடியலையாம்."

எமில் தலையணையில் சாய்ந்தார். இரண்டு கையையும் போர்வைமேல் விரித்து வைத்துக்கொண்டார். ஆக்சில் மாட்டிய கைகள், பெரியவை.

"அப்ப இன்னும் வாங்குறாங்க" என்றார்.

"வாங்குறாங்க" என்றேன்.